விஞ்ஞானியும் ஆசிரியரும் சேர்ந்து பருவநிலை கற்பிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பருவநிலை ஆய்வாளர்களையும் பள்ளி ஆசிரியர்களையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும் வேலையைச் சிங்கப்பூரில் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். பயிலரங்கு முடிந்து தேநீர் குடிக்கும்போதும், வாட்ஸ்அப்பிலும், சமூக மன்றத்தில் பெற்றோரைச் சந்திக்கும்போதும் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஓரிடத்தில் எழுதிவைத்தால் எல்லாருக்கும் உதவும் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாக்கிலேயே விட்டிருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

"வருஷத்துக்கு ஒரு தடவை பேராசிரியர் ஒருவர் வந்து எங்கள் பள்ளியில் பேசுகிறார். அதுவே பங்காளித்துவம்தானே?"

அது ஒரு நல்ல உரை. வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பேசியவர் போன மறுநாள் வகுப்பில் என்ன மாறியது என்று பார்த்தால், பெரும்பாலும் எதுவும் மாறியிருக்காது. மாணவர்களுக்குப் படங்கள் கொஞ்சம் நினைவிருக்கும், அவ்வளவுதான்.

பங்காளித்துவம் என்று நான் சொல்வது வேறு. எதைக் கற்பிப்பது, எந்தத் தரவை எடுத்துக்கொள்வது, மாணவர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்வது. ஆசிரியருக்குச் சரியான தரவும் விளக்கமும் கிடைக்கும். விஞ்ஞானிக்குத் தன் ஆய்வு பொதுமக்களிடம் எந்த இடத்தில் புரியாமல் நிற்கிறது என்பது தெரியவரும். ஆசிரியர் சந்தேகம் வந்தால் விஞ்ஞானிக்கு நேராகச் செய்தி அனுப்பிக் கேட்க முடிகிறதா, விஞ்ஞானிக்கு அடுத்த வாரப் பாடம் என்னவென்று தெரிகிறதா? இந்த இரண்டுக்கும் ஆம் என்றால் அது பங்காளித்துவம்.

"சிங்கப்பூர் இத்தனூண்டு ஊர். நம் பள்ளிகளைப் பார்த்துக்கொண்டால் போதாதா? எதற்கு வட்டாரம் முழுக்க?"

நம் ஊர் வானத்துக்கு எல்லை கிடையாது என்பதுதான் காரணம். 2015 செப்டம்பர் 25ஆம் தேதி புகைமூட்டத்தால் இங்கே தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப்பள்ளிகளும் மூடப்பட்டனவே, அந்தப் புகை சுமத்ராவிலும் கலிமந்தானிலும் எரிந்த நிலத்திலிருந்து வந்தது. விடியற்காலையில் மரத்தைச் சாய்க்கும் காற்றோடு வரும் மழைக்குப் பெயரே 'சுமத்ரா'. 2006 டிசம்பரில் ஜோகூரின் கோத்தா திங்கியை மூழ்கடித்த வடகிழக்குப் பருவமழை நம் தலையிலும்தான் கொட்டியது. தன் பள்ளி மேல் பெய்யும் மழையை விளக்க வேண்டுமென்றாலே ஒரு மாணவர் பக்கத்து நாட்டைப் பார்த்தாக வேண்டும்.

வானிலை ஆய்வாளர்கள் இதை முன்பே புரிந்துகொண்டார்கள். ஆசியான் சிறப்பு வானிலை மையம் 1993இல் சிங்கப்பூரில் தொடங்கி, இன்றும் வட்டாரத்தின் தீயையும் புகையையும் கண்காணிக்கிறது. எல்லை தாண்டும் புகைமூட்டம் குறித்த ஆசியான் உடன்பாடு 2002இல் கையெழுத்தானது. கல்விக்கும் வட்டார அமைப்பு உண்டு. தென்கிழக்காசியக் கல்வி அமைச்சர்களின் அமைப்பான சியாமியோ 1965இலிருந்து இருக்கிறது. அறிவியல், கணித ஆசிரியர்களுக்கான அதன் மையம் பினாங்கிலும், அறிவியல் ஆசிரியர்களுக்கான இன்னொரு மையம் பாண்டுங்கிலும் உள்ளன. ஆக, விஞ்ஞானிகளுக்கு ஒரு வலை, ஆசிரியர்களுக்கு ஒரு வலை. இரண்டையும் முடிச்சுப் போடும் வேலைதான் போதிய அளவு நடக்கவில்லை என்பது என் கருத்து.

"சரி, விஞ்ஞானிகள் எங்கே இருக்கிறார்கள்? யாரைப் போய்க் கேட்பது?"

சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் கீழ் 2013இல் தொடங்கப்பட்ட பருவநிலை ஆய்வு மையம், வட்டாரப் பருவநிலைக் கணிப்புகளைச் செய்கிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உள்ள சிங்கப்பூர்ப் புவி ஆய்வகம், சதுப்புநிலக் காட்டுச் சேற்றையும் பழைய பவளங்களையும் வைத்துக் கடல்மட்டத்தின் கடந்தகாலத்தைப் படிக்கிறது. அதே வளாகத்தில்தான் ஆசிரியர்களை உருவாக்கும் தேசியக் கல்விக் கழகமும் இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறை நகர வெப்பம் பற்றி நீண்டகாலமாக ஆராய்கிறது. செயின்ட் ஜான்ஸ் தீவில் தேசியக் கடல்சார் ஆய்வகம் உள்ளது. தேசியப் பூங்காக் கழகத்தில் கடலோர உயிரினங்களைக் கணக்கெடுக்கும் தொண்டூழியர் திட்டங்கள் உண்டு.

ஒரு யோசனை: இயக்குநருக்கும் பெரிய பேராசிரியருக்கும் எழுதுவதோடு நிற்காதீர்கள். முனைவர் பட்டம் முடித்து ஆய்வில் இருக்கும் இளையவர்களுக்கும் எழுதுங்கள். அவர்கள்தான் தினமும் தரவோடு மல்லுக்கட்டுபவர்கள். பதிலும் சீக்கிரம் வரும். "பருவநிலை பற்றிப் பேச வாருங்கள்" என்று பொதுவாக எழுதாமல், "எங்கள் உயர்நிலை இரண்டு மாணவர்கள் கடல்மட்ட உயர்வு எல்லா இடத்திலும் ஒரே அளவு என்று நினைக்கிறார்கள், இதைத் திருத்த ஒரு செயல்பாடு தேவை" என்று எழுதிப் பாருங்கள். குறிப்பான தேவைக்குத்தான் குறிப்பான உதவி வரும்.

"நான் தமிழாசிரியர். இது அறிவியல், புவியியல் ஆசிரியர்களின் வேலை இல்லையா?"

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். நம் பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். அதனால் வகுப்பில் புரிந்துகொண்டதை வீட்டில் தாத்தா பாட்டியிடமோ, ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தையிடமோ சொல்லப் பலருக்கு வாய் வருவதில்லை. தன் ஊர் வெப்பத்தைப் பற்றித் தன் தாய்மொழியில் நாலு வரி பேச முடியாவிட்டால், அது பாடப்புத்தகத்துக்குள்ளேயே நின்றுவிடும்.

தமிழ் வகுப்பில் செய்ய நிறைய இருக்கிறது. வாய்மொழிப் பயிற்சிக்கு ஒரு வெப்பநிலை வரைபடத்தைக் கொடுத்து விளக்கச் சொல்லலாம். முதியவர்களைப் பேட்டி எடுக்கலாம். ஏப்ரல் தமிழ்மொழி விழாவில் விஞ்ஞானி ஒருவரை மாணவர்களே தமிழில் நேர்காணலாம். தமிழ் பேசும் ஆய்வாளர்கள் இங்குள்ள பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். ஒரு முறை அப்படி ஒருவரைத் தமிழ் வகுப்புக்கு அழைத்தபோது, அவரிடம் சேறு நிரம்பிய நீளமான குழாயின் புகைப்படம் இருந்தது. "இதில் மேலே இருப்பது போன வருஷத்துச் சேறா?" என்று ஒரு பையன் கேட்டான். அடியில் இருப்பது பல ஆயிரம் ஆண்டுப் பழசு என்று அவர் சொன்னதும் வகுப்பே எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்விட்டது. அன்றைக்கு நடந்தது மொழிப்பாடம்தான், அறிவியலும்தான்.

"முதல் சந்திப்பில் என்ன பேசுவது? இரண்டு பக்கமும் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாதே?"

விஞ்ஞானி ஒரே ஒரு வரைபடத்தைக் கொண்டுவரட்டும். ஆசிரியர், மாணவர்கள் எழுதிய விடைத்தாள் சிலவற்றைக் கொண்டுவரட்டும், முக்கியமாகத் தவறான விடைகளை. அறிமுக உரைகள் வேண்டாம். நேராக அந்த இரண்டு தாள்களையும் மேசையில் வையுங்கள்.

நான் உடனிருந்த ஒரு சந்திப்பைச் சொல்கிறேன். ஆய்வாளர் சிங்கப்பூரின் ஆண்டு வெப்பநிலை வரைபடத்தைக் காட்டினார். நடுவில் பூச்சியக் கோடு, கீழே நீலக் கம்பிகள், மேலே சிவப்புக் கம்பிகள். அவருக்கு அது தினமும் பார்க்கும் படம். புவியியல் ஆசிரியை உடனே கேட்டார்: "இந்தப் பூச்சியம் எது? சிங்கப்பூரில் எப்போது பூச்சியம் டிகிரி வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள்." அது 1991 முதல் 2020 வரையிலான 30 ஆண்டுச் சராசரி, சுமார் 27.8 டிகிரி செல்சியஸ். கம்பிகள் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்பதைத்தான் காட்டுகின்றன. பிறகு இருவரும் சேர்ந்து அதே தரவை 26, 27, 28 என்று நிஜ வெப்பநிலை எழுதிய அச்சில் வரைந்தார்கள், சராசரியை ஒரு கோடாகப் போட்டார்கள். முதல் பாடத்துக்கு இந்தப் படம், இரண்டாம் பாடத்துக்கு ஆய்வாளரின் பழைய படம் என்று முடிவானது. நல்ல பங்காளித்துவத்தின் முதல் நாள் இப்படித்தான் இருக்கும்.

"எங்களிடம் கருவியும் இல்லை, பணமும் இல்லை. என்ன செய்ய முடியும்?"

தரவு இலவசம். வானிலை ஆய்வகத்தின் இணையத்தளத்தில் நிலையம் வாரியாக அன்றாட மழை, வெப்பநிலை, காற்று விவரங்களைப் பதிவிறக்கலாம். அரசாங்கத்தின் பொதுத் தரவுத் தளத்தில் உடனுக்குடன் வரும் அளவீடுகளும் உண்டு. பாரிஸில் 2018இல் தொடங்கிய பருவநிலைக் கல்வி அலுவலகம், பருவநிலை அறிவியலை மதிப்பிடும் ஐ.நா. அமைப்பான அனைத்துலகப் பருவநிலைக் குழுவின் (ஐபிசிசி) அறிக்கைகளை ஆசிரியர்களுக்காகச் சுருக்கி இலவசமாகத் தருகிறது.

கருவி வேண்டுமென்றால் சாதாரண வெப்பமானி போதும். ஆனால் அளக்கும் விதம் சரியாக இருக்க வேண்டும். இங்கேதான் விஞ்ஞானியின் உதவி தேவை. மாணவர்கள் வெப்பமானியை வெயிலில் பிடித்துக்கொண்டு "42 டிகிரி!" என்று கத்துவார்கள். அது காற்றின் வெப்பம் கிடையாது, வெயிலில் காய்ந்த வெப்பமானியின் வெப்பம். நிழலில், காற்றோட்டமான இடத்தில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், மூச்சுக்காற்று படாமல், எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து எழுத வேண்டும். புளோக்கின் கீழ்த்தளம், கூடைப்பந்துத் திடலின் ஓரம், மரத்தடி என்று மூன்று இடம் போதும். ஒரே நேரத்தில் மூன்று குழுக்கள் அளக்கட்டும். அளப்பதற்கு முன் எல்லா வெப்பமானிகளையும் ஒரே மேசையில் வைத்து ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். காட்டாது. அறிவியல் பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

"மாணவர்கள் எடுக்கும் அளவீட்டை விஞ்ஞானி நிஜமாகவே பயன்படுத்துவாரா? இல்லை, பிள்ளைகள் மனம் குளிரச் சொல்கிறாரா?"

பயன்படுத்த முடியாத அளவீடுகளே அதிகம். இதை மறைக்கக் கூடாது. ஒரு வாரம் மூன்று இடங்களில் அளந்தது கற்றலுக்கு நல்லது, ஆய்வுக்கு உதவாது. "உங்கள் தரவு உலகத்தை மாற்றும்" என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டு அதை எங்கோ கோப்பில் போட்டு மூடினால் அடுத்த ஆண்டு அவர்கள் நம்பமாட்டார்கள்.

ஆனால் முறையும் நீண்டகாலமும் இருந்தால் கதை வேறு. நாசாவின் ஆதரவில் 1995 முதல் நடக்கும் குளோப் திட்டத்தில் பல நாட்டு மாணவர்கள் ஒரே வரைமுறைப்படி மேகம், வெப்பநிலை, மண் ஆகியவற்றைப் பதிவு செய்கிறார்கள். மேகம் பற்றிய பதிவுகள் செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிடப்படுகின்றன. இங்கே அலை வடியும் கடற்கரையில் தொண்டூழியர்கள் எடுக்கும் கணக்கெடுப்பும் பூங்காக் கழகத்துக்குப் பயன்படுகிறது. ஆகவே தொடக்கத்திலேயே விஞ்ஞானியிடம் நேராகக் கேளுங்கள்: இது பயிற்சியா, ஆய்வா? பயிற்சி என்றால் பயிற்சி என்று மாணவர்களிடம் சொல்லுங்கள். அதில் எந்தக் குறைவும் இல்லை.

"பாடத்திட்டம், தேர்வு, இணைப்பாட நடவடிக்கை… இதற்கு நேரம் எங்கே இருக்கிறது?"

புதிதாக ஒன்றைச் சேர்த்தால் நேரம் இருக்காது. ஏற்கெனவே நடத்தும் பாடத்துக்குள் வைத்தால் இருக்கும். உயர்நிலைப் புவியியலில் பருவநிலை இருக்கிறது. தொடக்கநிலை மூன்றிலிருந்து அறிவியல் இருக்கிறது. கல்வி அமைச்சு 2021இல் தொடங்கிய சுற்றுச்சூழல் பொறுப்புணர்வுத் திட்டம் பாடம், வளாகம், பள்ளிப் பண்பாடு, சமூகம் என நான்கு வழிகளில் எல்லாப் பள்ளிகளையும் உள்ளடக்குகிறது. 2023க்குள் அரையாண்டுத் தேர்வுகள் எல்லா நிலைகளிலும் நீக்கப்பட்டன. அந்த இடைவெளியில் ஒரு துண்டைக் கேட்டு வாங்குவது துறைத்தலைவரிடம் நியாயமான கோரிக்கை.

"புகைமூட்டம்தானே பருவநிலை மாற்றம்? மாணவர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள்."

இரண்டும் ஒன்றில்லை, ஆனால் தொடர்பு உண்டு. நிலத்தைத் தயார் செய்ய வைக்கும் தீ, செடிகொடிகள் மக்கிச் சேர்ந்து காய்ந்துகிடக்கும் கரிச்சதுப்பு நிலத்தில் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் புகைகிறது. பசிபிக் கடலின் ஒரு பகுதி வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டில் இங்கே மழை குறைவதால் நிலைமை மோசமாகிறது. எல் நினோ இயற்கையாக வந்துபோகும் ஒரு மாற்றம். சதுப்பு எரியும்போது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த கரிமம் காற்றில் கலக்கிறது, அது பருவநிலை மாற்றத்தைக் கூட்டுகிறது. மாணவர்களுக்கு அம்புக்குறி போட்டு வரையச் சொல்லுங்கள்: எது எதற்குக் காரணம்? அம்பின் திசையைத் தவறாகப் போடுவதில்தான் பெரும்பாலான குழப்பம் இருக்கிறது.

"2023 மே மாதம் அங் மோ கியோவில் 37 டிகிரி வந்ததே, அது பருவநிலை மாற்றமா, கட்டடங்களின் வேலையா? ஒரு பையன் கேட்டுவிட்டான், நான் முழித்தேன்."

அருமையான கேள்வி. அந்தப் பையனைப் பாராட்டுங்கள். 2023 மே 13இல் பதிவான 37.0 டிகிரி, 1983 ஏப்ரலில் தெங்காவில் பதிவான உச்சத்துக்குச் சமம். "40 வருஷத்துக்கு முன்னாலேயே வந்திருக்கிறதே, அப்புறம் என்ன மாற்றம்?" என்று அவன் அடுத்துக் கேட்பான், தயாராக இருங்கள். ஒரு நாளின் உச்சம் பல காரணங்கள் ஒன்றுகூடுவதால் வருவது. அதை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கட்டடங்களின் பங்கும் உண்மைதான். சிங்கப்பூரில் நகரப் பகுதிக்கும் பசுமைப் பகுதிக்கும் 7 டிகிரி வரை வித்தியாசம் பதிவாகியிருக்கிறது. ஆனால் அது பெரிதாகத் தெரிவது பொழுது சாய்ந்த பிறகு, பகலில் கான்கிரீட் சேர்த்துவைத்த வெப்பம் வெளியேறும்போது. பிற்பகல் உச்சத்தை அதன் தலையில் மட்டும் கட்ட முடியாது. கேள்வியை இப்படித் திருப்புங்கள்: 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் ஆண்டுக்கு எத்தனை? சிங்கப்பூரின் மூன்றாவது தேசியப் பருவநிலை மாற்ற ஆய்வு 2024 ஜனவரியில் வெளியானது. அதன்படி கடந்த சில பத்தாண்டுகளில் சராசரியாக ஆண்டுக்கு ஏறக்குறைய 21 நாட்கள், நூற்றாண்டின் முடிவில் 41 முதல் 351 நாட்கள்.

"41 முதல் 351 நாட்களா? 0.6 முதல் 5 டிகிரியா? விஞ்ஞானிகளுக்கே உறுதியாகத் தெரியாது என்றுதானே அர்த்தம்?"

ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் நான் அதிகம் கேட்டது இதைத்தான். மேலே சொன்ன அதே ஆய்வு, சிங்கப்பூரின் சராசரி வெப்பநிலை நூற்றாண்டின் இறுதியில் 0.6 முதல் 5.0 டிகிரி வரை கூடலாம் என்கிறது. இந்த அகலமான இடைவெளியில் பெரும்பங்கு, உலகம் எவ்வளவு கரிமம் வெளியிடப்போகிறது என்பதைப் பொறுத்தது. வெளியேற்றத்தை வேகமாகக் குறைத்தால் என்ன ஆகும், குறைக்காமலே போனால் என்ன ஆகும் என்று தனித்தனிப் பாதைகளைக் கணக்கிட்டிருக்கிறார்கள். கீழ் எல்லையும் மேல் எல்லையும் வெவ்வேறு எதிர்காலங்கள். இதை விளக்காமல் இரண்டு எண்ணையும் ஒரே வரியில் கொடுத்தால், கேட்பவர் "அவர்களுக்கே தெரியவில்லை" என்று நினைப்பது இயல்பு.

கடல்மட்டம் 2100க்குள் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்ற கணிப்பும் அப்படித்தான். நம் நிலப்பரப்பில் கிட்டத்தட்ட 30 விழுக்காடு, சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருப்பதால் இது நமக்கு வீட்டுக் கவலை. இங்கே உண்மையான அறிவியல் ஐயமும் உண்டு, அண்டார்டிகாவின் பனிப்படலம் எவ்வளவு வேகமாகக் கரையும் என்பது. அங்கே கரையும் பனி பக்கத்தில் இருக்கும் கடலைவிட நம்மைப் போன்ற நிலநடுக்கோட்டுப் பகுதியைத்தான் அதிகம் உயர்த்தும், ஏனென்றால் பனி குறையும்போது அது தன்னை நோக்கி இழுத்துவைத்திருந்த கடல்நீர் விலகிச் செல்கிறது. இதைச் சொன்னதும் உயர்நிலை மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பல வகுப்புகளில் பார்த்திருக்கிறேன். எந்த ஐயம் மனிதர்களின் முடிவைப் பொறுத்தது, எது இயற்கையைப் பற்றியது என்று பிரித்துக் காட்ட விஞ்ஞானி பக்கத்தில் இருக்க வேண்டும். பாடநூலில் இதற்கு இடம் போதாது.

"எங்கள் தாத்தா 'அந்தக் காலத்தில் இவ்வளவு சூடு இல்லை' என்கிறார். அதைத் தரவு என்று எடுத்துக்கொள்ளலாமா?"

அளவீடாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தடயமாக எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா அந்தக் காலக் கம்பத்து (கிராமத்து) வீட்டில் மரங்களுக்கு நடுவே இருந்திருப்பார், இப்போது அடுக்குமாடியில் இருக்கிறார். அவர் உணர்வதில் இடம் மாறியதும் இருக்கிறது, உலகம் சூடானதும் இருக்கிறது. பேட்டியில் "சூடு அதிகமா?" என்று கேட்காமல், "எந்த மாதத்தில் போர்வை தேவைப்பட்டது? எந்தத் தெருவில் தண்ணீர் நின்றது? மின்விசிறி எப்போது வாங்கினீர்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள். பிறகு அதே ஆண்டுகளின் வானிலைப் பதிவை எடுத்து ஒப்பிடுங்கள்.

பசிபிக் தீவுகளில் இதை அழகாகச் செய்தார்கள். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறநிறுவனத்தின் பருவநிலைக் கல்விப் பங்காளித்துவத் திட்டத்தில், ஹோனலூலுவிலிருந்து ஒருங்கிணைக்கப்பட்ட ஒரு குழு ஹவாயி, மைக்ரோனீசியா, அமெரிக்க சமோவா போன்ற தீவுகளின் ஆசிரியர்களையும் விஞ்ஞானிகளையும் இணைத்தது. தீவு முதியவர்களின் அறிவுக்கும் உள்ளூர் மொழிகளுக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். தீவுகளில் வாழும் நமக்கு, கண்டத்து நாடுகளின் மாதிரிகளைவிட அது நெருக்கமானது.

"வேறு நாட்டுப் பள்ளியோடு சேர்ந்து செய்ய ஆசை. மொழி, நேரம் எல்லாம் இடிக்காதா?"

தமிழ் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன, ஜோகூரில் பாலத்தைத் தாண்டியதுமே இருக்கின்றன. நேர வித்தியாசமும் கிடையாது. ஒரே நாளில் இரு கரையிலும் மழையை அளந்து ஒப்பிடலாம். தமிழ்நாட்டோடு செய்தால் இரண்டரை மணி நேர வித்தியாசம், நமக்குக் காலை பத்தரை என்றால் அங்கே எட்டு.

தமிழ்நாட்டோடு சேர்ந்து கற்பிக்க எனக்குப் பிடித்த பாடம் 2015ஆம் ஆண்டு. அது வலுவான எல் நினோ ஆண்டு. செப்டம்பரில் இங்கே மழை பொய்த்துப் புகைமூட்டம். டிசம்பர் தொடக்கத்தில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. எல் நினோ வந்தால் தென்கிழக்காசியா காய்வதும், தென்னிந்தியாவில் வடகிழக்குப் பருவமழை கூடுதலாகப் பெய்வதும் ஆய்வாளர்கள் கண்ட போக்குகள். இங்கே முகக்கவசம் போட்ட பிள்ளைகளும் அங்கே மாடியில் நின்ற பிள்ளைகளும் ஒரே பசிபிக் கடலின் சூட்டைத்தான் அனுபவித்தார்கள். இரு வகுப்பும் தத்தம் ஊரின் மழைப் பதிவைக் கொண்டுவந்து ஒரே வரைபடத்தில் போட்டால் விளக்கவுரையே தேவைப்படாது. ஆனால் எல் நினோ மட்டுமே சென்னை வெள்ளத்துக்குக் காரணம் என்று முடித்துவிடாதீர்கள். ஏரிகள், ஆற்றுப்படுகை, கட்டடங்கள் பற்றி அந்த ஊர் ஆசிரியர் பேசட்டும், அவருக்குத்தான் தெரியும்.

"நான் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவன். இங்குள்ள பள்ளிகளுக்குள் எப்படி நுழைவது?"

பள்ளிக் கதவைத் தட்டுவதற்கு முன் ஆசிரியரைத் தெரிந்துகொள்ளுங்கள் தம்பி. பல்கலைக்கழகத்தின் சமூகத் தொடர்புப் பிரிவு வழியாகவோ தேசியக் கல்விக் கழகத்தில் இருப்பவர் வழியாகவோ போவது எளிது. முதலில் ஒரு வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள், பேசாமல். இங்கே வகுப்பு எப்படி நடக்கிறது, எந்த வயதில் எதைப் படிக்கிறார்கள் என்று தெரியாமல் தயாரிக்கும் படத்தொகுப்பு யாருக்கும் உதவாது. மாணவர்களைப் படம் எடுப்பது, விவரம் சேகரிப்பது எல்லாம் பள்ளியின் அனுமதியோடுதான்.

"பிள்ளை ராத்திரி தூங்காமல் 'சிங்கப்பூர் மூழ்கிவிடுமா?' என்று கேட்கிறாள். இதையெல்லாம் ஏன் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?"

உங்கள் கவலை புரிகிறது. மறைத்தாலும் அவள் கைத்தொலைபேசியில் இதைவிடப் பயமூட்டும் வடிவில் பார்த்துவிடுவாள். எண்ணைச் சொல்லும்போதே அதற்கு என்ன செய்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். கடலோரப் பாதுகாப்பு 2020இலிருந்து, தேசியத் தண்ணீர் அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பு. அங்கே வேலை செய்யும் பொறியாளர் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். 'இந்தச் சுவரை எவ்வளவு உயரம் கட்டுவது என்று தினமும் யோசிப்பவர் இவர்' என்று ஒரு மனிதரைக் கண்ணால் பார்ப்பது பிள்ளைக்குப் பெரிய ஆறுதல். தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு 2100ஆம் ஆண்டின் எண்கள் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மழை, நிழல், மரம், பூச்சி, இது போதும்.

"எண்ணெய் நிறுவனம் ஒன்று பணம் தருகிறேன் என்கிறது. வாங்கலாமா?"

எண்ணெய், ரசாயன ஆலைகள் நிறைந்த ஜூரோங் தீவு நம் பொருளியலின் ஒரு பகுதி. அங்கே வேலை செய்யும் பெற்றோர் நம் பள்ளிகளில் இருக்கிறார்கள். அவர்களைக் குற்றவாளிகளாகக் காட்டும் பாடத்தை நான் ஏற்கமாட்டேன். பேருந்துச் செலவுக்கோ கருவிக்கோ யார் பணம் தந்தாலும் பள்ளி தன் விதிப்படி முடிவெடுக்கலாம். ஆனால் பாடம் எழுதுவதற்கான பணத்தை, கரிமம் விற்று வாழும் நிறுவனத்திடம் வாங்காதீர்கள். "ஒரு தடவை பார்த்துச் சொல்கிறோம்" என்று பாடத்தைக் கேட்கும் உரிமை அதோடு வந்துவிடும். விஞ்ஞானியின் ஆய்வுக்கு யார் பணம் தருகிறார்கள் என்பதையும் ஆசிரியர் கேட்கலாம். கேட்பதில் மரியாதைக்குறைவு எதுவும் இல்லை, மாணவர்களும் அதைக் கேட்கப் பழகட்டும்.

"நல்லபடி போய்க்கொண்டிருந்தது. ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாறினார், ஆய்வாளரின் ஒப்பந்தமும் முடிந்தது. எல்லாம் நின்றுவிட்டது. இதற்கு என்ன வழி?"

மானியத்தில் நடக்கும் எல்லாத் திட்டங்களின் நோவும் இதுதான். மேலே சொன்ன அமெரிக்கத் திட்டத்தில் மேரிலாந்து, டெலவேர் மாநிலங்களை இணைத்த குழு, பல்கலைக்கழகங்களோடு மாநிலக் கல்வித் துறைகளையும் உள்ளே வைத்துக்கொண்டது. தனிமனிதர் போனாலும் அமைப்பு இருக்கும் என்ற எண்ணம். நம் அளவில் செய்யக்கூடியது: இரு பக்கமும் எப்போதும் இரண்டு பேர். பாடக்குறிப்பு, தரவு, மின்னஞ்சல் தொடர்பு எல்லாம் ஒருவரின் கணினியில் இல்லாமல் துறையின் பொதுக் கோப்பில். ஆண்டின் ஒரு நாள் நாட்காட்டியில் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். வேறு பள்ளிக்குப் போன ஆசிரியரையும் விட்டுவிடாதீர்கள், அந்தப் பள்ளி உங்கள் அடுத்த பங்காளி.

"இதெல்லாம் பலன் தருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

முன்னும் பின்னும் ஒரு வினாத்தாள் கொடுத்து மதிப்பெண் கூடியதா என்று பார்ப்பது வழக்கம். செய்யுங்கள், ஆனால் அது பாதிதான் சொல்லும். நான் மாணவர்களின் கேள்விகளைச் சேர்த்துவைக்கச் சொல்வேன். தொடக்கத்தில் "பருவநிலை மாற்றம் என்றால் என்ன?" என்று கேட்டவர்கள், சில மாதம் கழித்து "இந்த நிலையத்தை எந்த ஆண்டு இடம் மாற்றினார்கள்? அதனால் எண் மாறியிருக்குமா?" என்று கேட்டால் பலன் இருக்கிறது.

விஞ்ஞானியையும் கேளுங்கள். வரைபடத்தை வேறு மாதிரி வரைகிறாரா? பொது உரையில் பூச்சியம் எது என்று முதலிலேயே சொல்கிறாரா? அவர் பக்கம் எதுவுமே மாறவில்லை என்றால், முதல் கேள்வியில் சொன்ன உரைதான் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அடுத்த சந்திப்புக்கு அந்த விடைத்தாள்களை மறுபடி எடுத்துக்கொண்டு போங்கள்.